மணிப்பூவும் முற்றிய காய்ச்சலும்: திபெத்திய மருத்துவத்தில் ப்ரிம்ரோஸ்

சித்தியிடமிருந்து போன். "ஏம்ப்பா, டாக்டர் ப்ரிம்ரோஸ்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. நெட்டுல பாத்தா திபெத்துல காய்ச்சலுக்குக் குடுப்பாங்கன்னு போட்டிருக்கு. எனக்குக் காய்ச்சலே இல்லையே?"

சித்தி கையில் இருந்தது ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை. அதற்கும் திபெத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஈனோதெரா என்ற வட அமெரிக்கச் செடியின் விதையிலிருந்து எடுக்கிற எண்ணெய் அது. மாலையில் மஞ்சளாகப் பூக்கும் என்பதால் ஐரோப்பியர்கள் தமக்குத் தெரிந்த ஒரு பூவின் பெயரை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். குடும்பமே வேறு. மார்பு வலிக்கும் கரப்பானுக்கும் கொடுத்துவந்த அந்த எண்ணெயின் உரிமத்தை, பலன் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று பிரிட்டன் 2002ல் விலக்கிக்கொண்டது தனிக் கதை. திபெத்திய மருத்துவர் தேடிப் போகும் பூ உண்மையான ப்ரிம்ரோஸ், அதாவது ப்ரிமுலா. ஒரே பெயரில் இரண்டு செடி கிடப்பது எவ்வளவு குழப்பம் என்பதைச் சித்தி எனக்கு ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார். இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கலும் அதுதான்.

ப்ரிமுலா இனத்தில் ஏறக்குறைய 500 வகைகள். அதில் 300 போல சீன எல்லைக்குள் இருக்கின்றன. இமயத்தின் கிழக்குப் பக்கமும் அதை ஒட்டிய மலைகளும்தான் அவற்றின் தாய்வீடு. ப்ரிம்ரோஸ் என்ற சொல்லுக்கு 'முதல் ரோஜா' என்று பொருள் சொல்வார்கள். ஐரோப்பாவில் பனி விலகியதும் முதலில் பூக்கிற பூ என்று அந்தப் பெயர். இமயத்தில் அது பொருந்தாது. அங்கே மருந்துக்குப் பேர்போன மஞ்சள் ப்ரிமுலா ஆனி, ஆடியில்தான் முழுதாகப் பூக்கும்.

நான் அதைப் பார்த்தது வட சிக்கிமில், லாச்சுங்கிலிருந்து யும்தாங் போகும் வழியில். சாலையோரத்தில் தண்ணீர் கசிந்து கிடந்த ஒரு சரிவு, செருப்புக் கால் புதைகிற சேறு. அதற்கு நடுவே முழங்கால் உயரத்துக்குக் கிளையில்லாத தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் குடைக்கம்பி விரிவது போல மெல்லிய காம்புகள் பிரிந்து, நுனியில் ஒவ்வொரு பூவாகக் கீழ்நோக்கித் தொங்குகிறது. எலுமிச்சை மஞ்சள். இதழ்கள் அடியில் குழலாக ஒட்டி, வாய்ப்பக்கம் விரிந்திருப்பதால் சரியான மணி வடிவம். காம்பிலும் புல்லிவட்டத்திலும் விரல் வைத்தால் மாவு ஒட்டுகிறது. கோலமாவைத் தொட்ட மாதிரி, ஆனால் லேசான மஞ்சள். குனிந்தால் மணம். பூ ஏன் தலை கவிழ்ந்திருக்கிறது என்பது அன்று பிற்பகல் மழை பிடித்தபோது புரிந்தது. நிமிர்ந்த பூவாக இருந்தால் மகரந்தம் ஐந்து நிமிடத்தில் கரைந்து ஓடியிருக்கும்.

இந்தச் செடிக்கு ப்ரிமுலா சிக்கிமென்சிஸ் என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர். 1849ல் அவர் லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்குகளில் அலைந்தவர். 12,000 முதல் 17,000 அடி வரையிலான ஈரச் சரிவுகளில் ஏக்கர் கணக்கில் மஞ்சள் விரிப்பாகக் கிடக்கிறது என்று எழுதினார். அவர் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே அதற்கு ஒரு பெயர் இருந்தது: ஷாங்த்ரில்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். திபெத்திய பௌத்தர் பூசையில் வலதுகைக்கு வஜ்ரம், இடதுகைக்கு மணி. அந்த மணிக்கு த்ரில்பு என்று பெயர். பௌத்தத்துக்கு முந்தைய வேர்களைச் சொல்லிக்கொள்ளும் 'பொன்' (Bön) மதத்தார் பிடிக்கிற தட்டையான மணிக்கு ஷாங். பூவின் பெயரில் இரண்டும் ஒலிக்கின்றன. சேற்றுச் சரிவில் நூறு தண்டுகள் காற்றில் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் ஷாங்த்ரில் என்பது ஒரு செடியின் பெயர் அல்ல. இங்கேதான் தாவரவியலும் திபெத்திய மருத்துவமும் பிரிகின்றன. வெள்ளை ஷாங்த்ரில் உண்டு, மஞ்சள் உண்டு, சிவப்பு உண்டு, ஊதா உண்டு. மருத்துவ நூல் பிரிக்கிற பிரிவு இந்த நிறங்கள்தான். மஞ்சள் ஷாங்த்ரில் என்றால் பெரும்பாலும் சிக்கிமென்சிஸ். ஊதாவும் சிவப்பும் இன்ன வகை என்று ஒரே பதில் கிடைக்காது. லடாக்கில் ஒன்று, நேபாளத்தின் வடக்கில் ஒன்று, கிழக்குத் திபெத்தில் இன்னொன்று. அந்தந்தப் பள்ளத்தாக்கில் எது வளர்கிறதோ, நிறமும் சுவையும் குணமும் எதற்கு ஒத்துவருகிறதோ அதைப் பறிக்கிறார்கள். திபெத்தின் சாங்போ ஆற்றுப் பகுதியில் 1924ல் தாவர வேட்டைக்குப் போன ஃப்ராங்க் கிங்டன் வார்டு, சிக்கிமென்சிஸின் அண்ணன் மாதிரி இடுப்பு உயரம் வளர்கிற ஒரு மஞ்சள் ப்ரிமுலாவைக் கண்டு, தன் மனைவி ஃப்ளோரிண்டாவின் பெயரை வைத்தார். அவருக்கு அது புதிய வகை. உள்ளூர் மருத்துவர் கண்ணில் அதுவும் மஞ்சள் மணிதான்.

'திபெத்தியர்கள் ப்ரிம்ரோஸை இன்ன நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒரு வரியில் எழுதும் இணையக் குறிப்புகளை நான் நம்பாததற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்த மருத்துவத்தில் எந்தப் பூவும் ஒரு நோயோடு நேராக முடிச்சுப் போடப்படுவதில்லை. நடுவே சுவை, வீரியம், மலைச் சரிவு, காய்ச்சலின் பருவம் என்று பல கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்துகொண்டு போனால்தான் ஷாங்த்ரில் என்ன செய்கிறது என்பது தெரியும்.

சோவா ரிக்பா என்று அழைக்கப்படும் திபெத்திய மருத்துவத்தின் அடிப்படை நூல் க்யுஷி, அதாவது நான்கு தந்திரங்கள். 12ஆம் நூற்றாண்டில் யுதோக் யொந்தென் கோன்போ என்ற மருத்துவரோடு சேர்த்துச் சொல்லப்படும் நூல், 156 அத்தியாயங்கள். உடலை இயக்கும் மூன்று குற்றங்கள் அங்கேயும் உண்டு: லுங், திரிபா, பேகென். நமக்கு வாதம், பித்தம், கபம் என்றால் உடனே பிடிபடும். ஒற்றுமை தற்செயலானது அல்ல. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தை 11ஆம் நூற்றாண்டில் ரின்சென் சங்போ என்ற மொழிபெயர்ப்பாளர் திபெத்திய மொழிக்குக் கொண்டுபோனார். அந்த நூலின் செல்வாக்கு க்யுஷியில் நிறைய. ஆனாலும் நகல் என்று சொல்லிவிட முடியாது. நாடி பார்ப்பதும் மூத்திரம் பார்ப்பதும் அங்கே பெரிய கலைகளாக வளர்ந்திருக்கின்றன, சீனத்துச் சாயலும் இருக்கிறது, அதற்கெல்லாம் மேலே அந்த மலைகளின் சொந்த அனுபவம் இருக்கிறது.

க்யுஷியின் தொடக்கத்தில் ஒரு மருத்துவ நகரம் வருகிறது. தனாதுக் என்று பெயர். அதைச் சுற்றி நான்கு மலைகள். தெற்கே சூரிய பலம் கொண்ட விந்தியம்: மாதுளை, மிளகு, திப்பிலி போன்ற சூட்டு மருந்துகள் அங்கே விளையும். வடக்கே சந்திர பலம் கொண்ட பனிமலை: சந்தனம், கற்பூரம், அகில், வேம்பு என்று குளிர்ச்சி மருந்துகள். கிழக்கே மணம் கமழும் மலையில் கடுக்காய்க் காடு. மேற்கே மலயம். ஆமாம், வடமொழிக் கவிதைகளில் சந்தனத் தென்றல் வீசுகிற அதே மலயம்தான்; நம் பொதிகைப் பக்கத்து மலை ஒரு திபெத்திய நூலுக்குள் நுழையும்போது திசை மாறி மேற்கே போய் நிற்கிறது. பனிமலையில் சந்தனமும் வேம்பும் வளருமா என்று கேட்கக் கூடாது. அது வரைபடமல்ல, குளிர்ச்சி எது சூடு எது என்று மாணவன் மனத்தில் பதிய வைக்கிற ஏற்பாடு.

அந்த நகரத்தின் ராஜா கடுக்காய். மருத்துவ புத்தர் படத்தில் அவர் வலக்கையில் பிடித்திருப்பது கடுக்காய்க் கொத்துதான். வெப்பச் சமவெளியில் விளைந்து, வணிகர் மூட்டையில் மலையேறிய பொருள் அது. விலை கொடுத்து வாங்க வேண்டும். சந்தனம், சாதிக்காய், காஷ்மீரத்துக் குங்குமப்பூ எல்லாம் அப்படித்தான். ஷாங்த்ரில் அந்தச் சபையில் இல்லை. க்யுஷி மருந்துப் பொருட்களை ரத்தினம், மண், கல், மரம், சாறு என்று வகை பிரித்துக்கொண்டே வந்து, 'ஙோ' என்று ஒரு வகையில் புல்பூண்டுகளை வைக்கிறது. (ஙப்போல் வளைவதைத் தவிர வேறு வேலை இல்லாத நம் ங வரிசைக்கு இங்கே ஒரு பிழைப்பு கிடைக்கிறது: ஙோ என்பதை அப்படியே எழுதலாம்.) ஷாங்த்ரில் இந்த ஙோ கூட்டத்துக் குடிமகன். கையில் காசில்லாத கிராமத்து மருத்துவரும் ஒரு நாள் நடந்தால் பறித்து வரக்கூடியது. 18ஆம் நூற்றாண்டில் தேவுமார் தென்சின் புன்ட்சோக் எழுதிய பெரிய மருந்துப்பொருள் நூல் 2,000க்கும் மேற்பட்ட பொருட்களை விவரிக்கிறது. அவற்றில் பல இந்த மாதிரிச் சாமானியச் செடிகள்தான்.

இனி சுவை. மஞ்சள் ஷாங்த்ரில் பூவின் சுவை கைப்பு, வீரியம் குளிர்ச்சி. இந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டால் திபெத்திய மருத்துவருக்கு மீதி தானாக வந்துவிடும். சுவை ஆறு. ஒவ்வொரு சுவையும் இரண்டு பூதங்களின் கூட்டு. ஆயுர்வேதத்தில் கைப்பு என்றால் காற்றும் ஆகாயமும்; திபெத்தில் அது நீரும் காற்றும். தண்ணீர் கசிகிற, காற்று ஓயாத அந்தச் சரிவில் நின்றவனுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை, ஆனால் அதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. நீர் திரிபாவின் சூட்டைத் தணிக்கும். காற்றின் இலேசும் சொரசொரப்பும் பேகெனின் பாரத்தைக் குறைக்கும். கைப்பு வயிற்றில் செரித்தபின்னும் கைப்பாகவே முடிகிறது; அந்தச் செரித்த சுவையும் திரிபாவையும் பேகெனையும் அடக்கும். மிஞ்சினால் கெடுதலும் அதே தர்க்கத்தில் வரும்: காற்று ஏறி லுங் கிளம்பும். அதனால் வயதானவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும், மெலிந்தவர்களுக்கும் கைப்பு மருந்தை அள்ளிக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் யாருக்கு? முக்கியமாகக் குழந்தைகளுக்கு. ஷாங்த்ரிலைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது குழந்தைகளின் கடும் காய்ச்சலும் வெப்பக் கழிச்சலும். அதோடு ரத்தத்தில் ஏறிய சூடு, சில நிற வகைகளுக்கு நுரையீரல் சூடும். திபெத்திய மருத்துவத்தில் ரத்தமும் திரிபாவும் ஒரே கட்சி, இரண்டும் சூடானவை. எனவே பித்தத்தைத் தணிக்கிற கைப்புப் பூ ரத்தத்துக்கும் என்பது அவர்கள் வழியில் நேரான முடிவு. குழந்தை வைத்தியத்துக்கு க்யுஷி தனியாக மூன்று அத்தியாயங்கள் ஒதுக்குகிறது. சிறு உடல், சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் வற்றும். அதற்குக் கனமான ரத்தின மருந்தைவிட மெல்லிய பூ பொருத்தம் என்று நினைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

'காய்ச்சலுக்கு' என்று சொன்னேன். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் சித்தியின் நெட் குறிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. காய்ச்சலை அங்கே பருவம் பிரித்துப் பார்க்கிறார்கள்: முற்றாத காய்ச்சல், பரவிய காய்ச்சல், வெறுங்காய்ச்சல், ஒளிந்த காய்ச்சல், பழங்காய்ச்சல், கலங்கிய காய்ச்சல். உடம்பு முறுக்கு, குளிர், கொட்டாவி, அலுப்போடு தொடங்குகிற முதல் சில நாள் முற்றாத காய்ச்சல். அப்போது நெருப்பு இன்னும் தனியாகப் பிரியவில்லை. லுங்கும் பேகெனும் அதோடு கலந்து கிடக்கின்றன. அந்த நேரத்தில் கைப்பும் குளிர்ச்சியுமான மருந்தைக் கொட்டினால், நெருப்பு அணையாது, காற்றுத்தான் ஏறும். காய்ச்சல் இழுத்துக்கொண்டு நீளும். ஆகவே முதலில் பழுக்க வைக்க வேண்டும். அதற்கு வெதுவெதுப்பாகக் குடிக்கிற மனு ஷித்தாங் என்ற நாலு சரக்குக் கஷாயம் பேர்போனது: மனு என்கிற வேர், சீந்தில், கண்டகாரி, இஞ்சி. காய்ச்சல் பழுத்து, சூடு மட்டும் தனியாக நின்று எரிகிறது என்று நாடியும் மூத்திரமும் சொன்ன பிறகே குளிர்ச்சி மருந்துகளின் முறை. ஷாங்த்ரில் வரிசையில் நிற்கிற இடம் அங்கே.

அதே பூ மூன்றாம் நாள் தவறு, ஏழாம் நாள் மருந்து என்று ஆகலாம். இதை ஒரு அட்டவணையில் எப்படிப் போடுவது? 'ப்ரிம்ரோஸ் - காய்ச்சல் நீக்கி' என்று ஒரு கட்டத்தில் எழுதுகிறபோது நாள் விழுந்துவிடுகிறது, நாடி விழுந்துவிடுகிறது, மருந்தே பாதி விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, தனிப் பூவாக அது உள்ளே போவது குறைவு. பல சரக்குகளோடு பொடியாகவோ மாத்திரையாகவோ சேர்கிறது. பிரபலமான அகர் 35 போன்ற மருந்துகளில் எண்ணே பெயராக இருப்பதைப் பாருங்கள், முப்பத்தைந்து சரக்கு. ஒன்று நோயைத் தாக்கும், இன்னொன்று அதற்குத் துணை போகும், வேறொன்று முதல் இரண்டும் வயிற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

பறிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. மருந்துச் செடிக்கு ஏழு அங்கம் என்று க்யுஷி வகுக்கிறது: சரியான இடத்தில் வளர்ந்தது, சரியான காலத்தில் பறித்தது, கெடாமல் உலர்ந்தது, பழசாகாதது, நஞ்சு நீக்கியது, மென்மையாக்கியது, சரியாகக் கூட்டியது. குளிர்ச்சி மருந்து நிழல் சரிவில் வளர்ந்திருக்க வேண்டும், உலர்த்துவதும் நிழலில். வெயில் சரிவில் பறித்து வெயிலில் காய வைத்த குளிர்ச்சி மருந்து, தன் குணத்தைத் தானே கொன்றுகொண்டது. ஆண்டு திரும்பினால் வீரியம் சரியத் தொடங்கும் என்று கணக்கு. ஒவ்வொரு கோடையும் மருத்துவர்கள் மலையேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சு நீக்கம் நமக்குப் பழகிய விஷயம். சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு என்று நம் பாட்டிமார் சுக்கின் தோலைச் சீவியதும் கடுக்காயின் கொட்டையைத் தட்டி எறிந்ததும் நினைவிருக்கும். அங்கேயும் அதே கண். வேருக்கு மேல்தோல், பழத்துக்குக் கொட்டை, இலைக்குக் காம்பு; பூவுக்கு நஞ்சு அதன் புல்லிவட்டம். ஷாங்த்ரிலின் மணியைப் பச்சைத் தொப்பியிலிருந்து உருவி எடுத்துவிட்டு இதழ்க்குழலை மட்டும் உலர்த்த வேண்டும். யும்தாங்கில் என் விரலில் ஒட்டிய மஞ்சள் மாவு பெரும்பாலும் அந்தத் தொப்பியில்தான் இருந்தது. ப்ரிமுலாக்களின் இந்த மாவு நுண்ணிய சுரப்பி மயிர்கள் வெளித்தள்ளுகிற ஃப்ளேவோன் என்ற வேதிப்பொருள் என்பது இன்று தெரியும். வேதியியலாளர் முதலில் சுரண்டி எடுக்கிற பொருளில் நல்ல பங்கை மருத்துவர் முதல் வேலையாகக் கிள்ளி எறிகிறார்!

ஆய்வுக்கூடத்துக்கும் மலைக்கும் இடையே இந்த இடைவெளி வேறு இடத்திலும் தெரிகிறது. ஐரோப்பாவில் கௌஸ்லிப் என்று ஒரு ப்ரிமுலா உண்டு. அதன் வேரிலும் பூவிலும் சாப்போனின்கள் இருக்கின்றன. பூந்திக்கொட்டையில் நுரைக்கிற அதே வகைப் பொருள். சளியை இளக்கி வெளியேற்றும் என்று அங்கே இருமல் மருந்தாகக் கொடுக்கிறார்கள், ஐரோப்பிய மருந்து முகமையும் நெடுநாள் வழக்கத்தின் அடிப்படையில் அதை ஏற்கிறது. ஒரே இனத்துப் பூ, ஓரிடத்தில் இருமலுக்கு, இன்னோரிடத்தில் குழந்தையின் கழிச்சலுக்கு. யார் சொல்வது சரி என்று கேட்டுப் பயனில்லை. வகை வேறு, பறிக்கும் உறுப்பு வேறு, நோயைப் பார்க்கிற கண்ணே வேறு. ஒன்றின் சோதனை முடிவைக் கொண்டுபோய் இன்னொன்றுக்குச் சான்றாக ஒட்டுவது மட்டும் நடக்கக் கூடாது. அது தாராளமாக நடக்கிறது.

வீட்டில் தொட்டியில் வளர்க்கிற ப்ரிமுலாவை வைத்து யாரும் பரிசோதனை செய்ய வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நர்சரிகளில் விற்கிற ஆப்கோனிகா என்ற வகையின் மயிர்களில் ப்ரிமின் என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர் தொட்டால் கையும் முகமும் கொப்புளித்துவிடும். தோல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செடி அது. குழந்தைக்குக் கடும் காய்ச்சலும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஆஸ்பத்திரியும்தான். ஷாங்த்ரிலைத் தேட நேரமில்லை.

பெயர்ச் சிக்கலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ருசியான பகுதி அங்கே மிச்சமிருக்கிறது. இந்திய நூல்கள் மலையேறியபோது அவற்றில் சொன்ன செடிகள் எல்லாம் கூடவே ஏற முடியவில்லை. பெயர் மட்டும் ஏறியது. உத்பலம் என்றால் நமக்கு நீலோற்பலம், குளத்தில் பூக்கிற குவளை. 4,000 மீட்டர் உயரத்தில் குவளைக்கு எங்கே போவது? திபெத்தில் உத்பல் என்ற பெயர் பனிப்பாறை இடுக்கில் பூக்கிற நீல பாப்பிக்குப் போய்விட்டது. நீலம், குளிர்ச்சி, சூட்டைத் தணிப்பது என்ற குணங்கள் ஒத்துப்போனால் போதும். மேலே கஷாயத்தில் சொன்ன கண்டகாரியும் அப்படித்தான். வடமொழியில் அது நம் கண்டங்கத்தரி; மலைமேல் அது முள்ளு ராஸ்பெரிச் செடியின் தண்டு. கண்டங்கத்தரிக்கும் முள், அதற்கும் முள். தாவரவியலார் இதைப் 'போலி' என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. குணத்தை வைத்துப் பெயரிடும் முறைக்கு அது ஒழுங்கான மொழிபெயர்ப்பு.

ஷாங்த்ரில் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அது இரவல் பெயர் அல்ல. சமவெளியில் அதற்கு மூலமும் இல்லை, இங்கிருந்து எந்தப் பெயரும் ஏறிப்போய் அதன்மேல் உட்காரவில்லை. மலையிலேயே பிறந்து மலை மொழியிலேயே பெயர் வாங்கியது. திபெத்திய மருத்துவம் முழுக்க இந்தியக் கடன் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது பெரிய தத்துவங்களை அல்ல, இந்த மாதிரிச் சேற்றுப் பூக்களை.

லாசாவில் 1696ல் தொடங்கிய சக்போரி மருத்துவக் கல்லூரி 1959ல் அழிந்தது. 1916ல் பதின்மூன்றாம் தலாய் லாமா காலத்தில் அங்கே எழுந்த மென்சீகாங் என்ற மருத்துவ, சோதிட நிறுவனம், 1961ல் தர்மசாலாவில் மறுபடி தொடங்கியது. சக்போரியின் பெயரில் ஒரு கல்விக்கூடம் 1992ல் டார்ஜிலிங்கில் வந்தது. இந்திய அரசு 2010ல் சட்டம் திருத்தி சோவா ரிக்பாவை அங்கீகரித்தது, 2019ல் லே நகரில் தேசிய நிறுவனம் அமைக்க ஒப்புதல் தந்தது. அங்கீகாரத்தோடு கூடவே வருவது மருந்துப் பட்டியல், தரக்கட்டுப்பாடு, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ஒரு லத்தீன் பெயர். ஷாங்த்ரில் என்ற கட்டத்துக்கு எதிரே எதை எழுதுவது? சிக்கிமென்சிஸ் என்று எழுதினால் லடாக்கின் ஆம்ச்சி, அதாவது கிராம வைத்தியர், தன் சரிவில் பறிக்கிற ஊதாப் பூ பட்டியலுக்கு வெளியே போய்விடும். எல்லாவற்றையும் எழுதினால் ஆய்வுக்கூடம் எதை அளப்பது என்று கேட்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் மனம் ஆம்ச்சி பக்கம் சாய்கிறது, ஆனால் அவசரத்தில் வேறொரு மஞ்சள் பூவைப் பறித்துவிடுகிற கடைக்காரரிடமிருந்து நோயாளியைக் காக்க லத்தீன் பெயர்தான் உதவும் என்பதையும் மறுக்க முடியாது.

பறிப்பதில் ஷாங்த்ரிலுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அதே மலைகளில் சடாமாஞ்சிலையும் கடுகுரோகிணியையும் வேருக்காகவும் கிழங்குக்காகவும் தோண்டி எடுக்கிறார்கள். தோண்டினால் செடியே போச்சு. இரண்டும் 1997லிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. ஷாங்த்ரிலில் எடுப்பது பூவை மட்டும். அடியில் இலைக்கொத்து அப்படியே இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி தண்டு விடும்.

ஆனால் பூவை எடுத்தால் விதை போகும், அதிலும் ப்ரிமுலாவின் கணக்கு கொஞ்சம் விசித்திரம். யும்தாங் சரிவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு செடிகளின் பூவைத் தலைநிமிர்த்தி வாய்க்குள் பார்த்தேன். ஒன்றில் குண்டூசித் தலை மாதிரி சூல்முடி வாசல்வரை நீட்டிக்கொண்டு நின்றது, மகரந்தப் பைகள் குழலின் ஆழத்தில் கிடந்தன. பக்கத்துச் செடியில் தலைகீழ்: பைகள் வாசலில், சூல்முடி ஆழத்தில். ஒரு செடி முழுவதும் ஒரே மாதிரிப் பூதான் பூக்கும். இந்த இரட்டை அமைப்பை ப்ரிமுலாவில் ஆராய்ந்து 1862ல் எழுதியவர் டார்வின். நெட்டைச் சூல் பூவுக்குக் குட்டைச் சூல் பூவின் மகரந்தம் வேண்டும், இதற்கு அது வேண்டும். தன் மாதிரிப் பூவோடு சேர்ந்தால் விதை பிடிப்பது அரிது. அதாவது ஒரு சரிவில் பறிக்கிறவர் கடைசியாக நாலு தண்டை விட்டுவைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டால் போதாது. அந்த நாலும் ஒரே வகையாக அமைந்துவிட்டால் தேனீ நாள்முழுக்க ஏறி இறங்கினாலும் அந்த ஆண்டு அங்கே விதை பேருக்குத்தான் விழும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மணிதான், ஒவ்வொன்றையும் நிமிர்த்தி உள்ளே பார்த்தால் ஒழிய எது எது என்று தெரியாது.